இரும்பு ஆகாத இடம்

என் டாடா சுமோவைப் பார்த்து, "இதை இங்கனயே நிறுத்திட்டு நடந்து வாங்க அண்ணாச்சி" என்று சொல்லத் துணிந்த ஒரே ஆள் தளவாய்தான். கலெக்டர் ஆபீஸ் போர்ட்டிகோ வரைக்கும் போய் நின்ற வண்டி அது. அதைக் கொண்டுபோய் வல்லக்கோட்டைக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய பொட்டல் காட்டில், அரை கிலோமீட்டர் தள்ளி நிறுத்து என்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

"இன்னாபா, என் வண்டி இன்னா குப்பை லாரியா?" என்று கேட்டேன்.

"வண்டி ராசாவாட்டம் இருக்கு. ஆனா முழுக்க இரும்புலா. இங்க இரும்பு ஆகாது" என்றான்.

சொல்லிவிட்டு என் சாவிக்கொத்தையும் செல்போனையும் பெல்ட்டையும் கழற்றச் சொன்னான். சட்டைப் பையில் இருந்த பேனாவைக்கூட விடவில்லை. கேட்ட விதத்தில் மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி, எனக்கு இதுதான் வேலை" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இடுப்பில் பேன்ட்டைக் கையால் பிடித்துக்கொண்டு அந்தப் பொட்டலில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

இது 2011-இல், பொங்கல் முடிந்த சமயம். நான் பாண்டுரங்கன், வல்லக்கோட்டைக்காரன். இருந்த கொஞ்ச நிலம் தொழிற்பேட்டைக்குள் போனபிறகு வண்டி வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓரகடம், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம் என்று இந்த வட்டாரத்தில் சவாரிக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. அந்த வருஷம் ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு சர்வே கம்பெனி என் வண்டியை மாத வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் சர்வே என்று வாய் தவறிச் சொன்னாலும் வம்புதான். அந்த வார்த்தைக்கு எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று: நிலத்தை எடுக்கப் போகிறார்கள். அதுவும் பின்னால் நீளமாக வால் வைத்த ஒரு குட்டி விமானம் வயலுக்கும் கம்பெனிக் கூரைக்கும் மேலே தாழப் பறந்து போவதும் வருவதுமாக இருந்தால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? என் வண்டியை மறித்து, "இன்னா பாண்டு, எந்த சர்வே நம்பர எடுக்கப் போறானுங்க?" என்று கேட்டார்கள்.

"நிலம் வேணாமாம்பா. நிலத்துக்கு அடியில கீற பாறைய பாக்குறாங்களாம்" என்றேன்.

"அப்போ பாறையும் போச்சா!" என்று தலையில் அடித்துக்கொண்டு போனார்கள்.

எனக்கு விளக்கிச் சொன்னது வேல்விழி மேடம். சேலத்துப் பெண், முப்பது வயது இருக்கும். அந்தக் கம்பெனியில் விமானம் கொண்டுவரும் கணக்கையெல்லாம் சரிபார்ப்பது அவர் வேலை. வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுவார். பூமியே ஒரு காந்தம். அடியில் இருக்கும் பாறையில் ஓரிடத்தில் காந்தம் கூட இருக்கும், ஓரிடத்தில் குறைய இருக்கும். விமானத்தின் வாலில் இருக்கிற கருவி அதைப் பறந்தபடியே அளக்கிறது. அந்த அளவையெல்லாம் வரைபடமாகப் போட்டால், மேலே மண்ணும் மரமும் கம்பெனியும் மூடிக் கிடந்தாலும் கீழே எந்தப் பாறை எங்கே படுத்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆனால் அதில் ஒரு சிக்கல். பூமியின் காந்தம் ஒரு நிலையில் நிற்பதில்லை. வெயில் ஏற ஏற அதுவும் ஏறி, மதியம் உச்சிக்குப் போய், சாயங்காலம் இறங்கிவிடும். அப்படியானால் விமானம் காட்டும் ஏற்றத்தில் பாறையால் வந்தது எவ்வளவு, சூரியனால் வந்தது எவ்வளவு? அதைக் கண்டுபிடிக்கத்தான் இன்னொரு கருவி தரையில் ஒரே இடத்தில் அசையாமல் நாள் முழுக்க இருக்க வேண்டும். இது காட்டுவதை விமானத்தின் கணக்கிலிருந்து கழித்துக்கொள்வார்கள். கடைக்காரன் முதலில் காலிப் பாத்திரத்தை எடை போட்டுவிட்டு அப்புறம் எண்ணெயை ஊற்றுகிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். மேடமும் அது சரிதான் என்றார்.

தரைக் கருவிக்குப் பக்கத்தில் யாராவது இரும்போடு போனால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். கெட்டால் அன்றைக்கு விமானம் பறந்தது முழுக்க வீண், மறுபடி பறக்க வேண்டும். அதனால் இரும்பே இல்லாத இடமாகப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில்! ஒரு பக்கம் கார் கம்பெனி, இன்னொரு பக்கம் கன்டெய்னர் லாரி, தலைக்கு மேலே ஹைடென்ஷன் கம்பி. மேடமும் நானும் அலையாத இடம் இல்லை. கடைசியில் அகப்பட்டதுதான் அந்த ஏரிக்கரைப் பொட்டல். நெஞ்சு உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டு, அதன் தலையில் வெள்ளையாக ஓர் உருளையை வைத்தார்கள், அதுதான் தரைக் கருவி. நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினார்கள். அங்கிருந்து நீளமாக ஒரு ஒயர் போய், தள்ளி இருந்த கீற்றுப் பந்தலில் ஒரு பெட்டியில் முடிந்தது. ரீடிங் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் விழும். பந்தலை மூங்கிலும் கயிறுமாகவே போட்டார்கள், ஆணி ஒன்றுகூட அடிக்கவில்லை. அதற்குக் காவலாக வந்து சேர்ந்தவன்தான் தளவாய்.

கோவில்பட்டிக்கும் கிழக்கே ஏதோ ஒரு கரிசல்காட்டுக் கிராமம் அவனுக்கு. ஐ.டி.ஐ. ஃபிட்டர். இங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 2007-இல் வந்தவன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு தங்கி, கார் கதவுக்குத் தகடு அடிக்கும் லைனில் நின்றான். கல்யாணம் பண்ணிக்கொண்டு செல்வலட்சுமியைக் கூட்டிவந்தபின் சுங்குவார்சத்திரத்தில் ஒற்றை அறை வீடு எடுத்தான். செல்போன் செய்யும் கம்பெனியில் அவளுக்கும் வேலை கிடைத்தது. அந்தச் சமயத்தில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடந்தவனை லாரி ஒன்று தட்டிவிட்டுப் போய்விட்டது. தொடை எலும்பு இரண்டாக முறிந்து, உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள்.

அதற்குப் பிறகு லைனில் எட்டு மணி நேரம் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து செய்கிற வேலை என்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தான். உள்ளே போகும்போதும் வரும்போதும் கேட்டில் நிற்கும் மெஷினுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். தளவாய் நுழைந்தால் அது கத்தும். தினமும் தனியாக நிறுத்தி வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுவான், செக்யூரிட்டி மாறிப்போயிருப்பான், மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். பின்னால் பஸ்ஸைப் பிடிக்க நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். திருடன் கணக்காக நிறுத்தினார்களே என்று அவமானப்பட்டுக்கொண்டு அந்த வேலையையும் விட்டுவிட்டான். மற்ற கம்பெனிகளில் மெடிக்கலிலேயே கழித்துவிட்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, சோறு பொங்கி வைத்துவிட்டு, பெண்டாட்டி வரும் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்திருக்கிறான். ஊருக்கே திரும்பிவிடலாம் என்று அவன் சொல்ல, வேண்டாம் என்று அவள் சொல்ல, அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் காவல் வேலை வந்தது.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் சுங்குவார்சத்திரத்தில் ஏற்றிக்கொண்டு வருகிற இந்தத் தென்பாண்டி ஆள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான் என்பதுதான்.

இரும்பு விஷயத்தில் அவனைப் போல ஒரு கிறுக்கனை நான் பார்த்ததில்லை. செருப்பின் அடியில் ஆணி இருக்கும் என்று வெறுங்காலோடு நிற்பான். மாடு மேய்க்க வருகிறவர்களிடம் மாட்டுக்கு லாடம் அடித்திருக்கிறதா என்று விசாரிப்பான். ஒருநாள் வழி தவறி பைக்கில் வந்த ஒருவனை மறித்து, மன்னிப்பும் கேட்டு, டீயும் வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினான். யாரைத் தடவிப் பார்க்க வேண்டியிருந்தாலும் முதலில் கைகூப்பிவிட்டுத்தான் தொடுவான். எனக்கு வந்த கோபமெல்லாம் அந்தக் கும்பிடில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. பிற்பாடு எனக்கு அவன்மேல் ரொம்பவே பிரியம் வந்துவிட்டது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சர்வேக்குப் பெரியவர் ரகுபதி சார். சிரித்துப் பார்த்தவர் கிடையாது. ஆனால் சொன்னால் சொன்னதுதான். இந்த வேலை ஒழுங்காக முடிந்தால் அடுத்த கேம்ப்பிலிருந்து தளவாயைக் கம்பெனியிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பி.எஃப்., சம்பளச் சீட்டு, எல்லாம் உண்டு. தளவாய்க்கு அந்த நினைப்பு மனசைவிட்டு இறங்கவே இல்லை. "இந்த மிஷின் என்னைய ஒண்ணும் கேக்காது அண்ணாச்சி. கத்தாது. நான் பாட்டுக்கு இருக்கேன், அது பாட்டுக்கு இருக்கு" என்பான். மெஷினைப் பற்றி ஒரு சினேகிதனைச் சொல்வது மாதிரிதான் பேசுவான்.

செல்வலட்சுமிக்குச் செவ்வாய்க்கிழமை வார லீவு. காலையில் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து நடந்தே பொட்டலுக்கு வந்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போவாள். எவர்சில்வர் தூக்கு கூடாது என்று பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவருவாள். வரும்போதே கொலுசு, போன், கைப்பை எல்லாவற்றையும் வேலி ஓரத்துப் புளியமரத்தடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவாளாம். இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அதைச் சொல்லிப் பெருமைப்படுவதே தளவாய்க்கு ஒரு வேலை.

மாசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. சாயங்காலம் பெட்டியிலிருந்து ரீடிங்கை எடுக்க வந்த வேல்விழி மேடம் மடிக்கணினியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்தோராயிரத்துச் சொச்சத்தில் மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டிய கோடு, மதியத்தில் ஓரிடத்தில் ஊசிபோல் மேலே குத்திக்கொண்டு நின்றது. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது தடவை வந்தபோதுதான் மூன்றும் செவ்வாய்க்கிழமை என்பதைக் கண்டுபிடித்தார். அந்த நாட்களில் பறந்ததெல்லாம் மறுபடியும் பறக்க வேண்டியதாயிற்று.

ரகுபதி சார் நேரில் வந்தார். தளவாயை நிற்க வைத்து, "செல்போன் வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"வேற யாராவது உள்ள வர்றாங்களா?"

"வெளியாளு ஒருத்தரும் இல்ல சார்."

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு அவனை வீட்டில் விடப் போகும்போது வண்டிக்குள் சத்தமே இல்லை. தளவாய் பேசாமல் வந்தால் வண்டியில் ஏதோ ரிப்பேர் மாதிரி இருந்தது எனக்கு. "இன்னாபா, வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றேன்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னான். வேட்டியை ஒதுக்கித் தொடையில் இருந்த நீளமான தையல் தழும்பைக் காட்டினான்.

"உள்ள கம்பி இருக்கு அண்ணாச்சி. இடுப்புலேருந்து முட்டு வரைக்கும். வேலைக்குச் சேரும்போது நான் சொல்லல. கம்பெனிக் கேட்டு கண்டுபிடிச்சிச்சு, மிஷினு கண்டுபிடிக்காதான்னு தினமும் பயந்துக்கிட்டுத்தான் கெடந்தேன். பக்கத்துல போகாம இருந்தேன். ஆனா செவ்வாக்கெழமை கம்பத்துக் கயித்தை இழுத்துக் கட்டச் சொல்லியிருக்காங்களே, அன்னிக்குக் கிட்ட போய்த்தான ஆகணும். அதான் குத்துது. நான்தான் அந்த இரும்பு."

ஊரில் உள்ள ஆடுமாட்டையெல்லாம் இரும்புக்காகச் சோதித்தவன், தன் உடம்புக்குள் இருக்கிறதை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினானோ என்றுதான் நினைத்தேன்.

"சொல்லாம வுட்டா இன்னா ஆவும்? அடுத்த செவ்வாய் கயிறு கட்ட நான் வர்றேன். பெல்ட்டு, சாவி எல்லாம் வுட்டுட்டு வர்றேன்" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. விமானம் மறுபடி மறுபடி பறக்குது. அந்த அம்மா மொகத்தப் பாத்தியளா? தூங்கி எத்தனை நாளாச்சோ. நான் சொல்லிருதேன்."

மறுநாள் காலையில் சொல்லியும்விட்டான். பந்தலில் வேல்விழி மேடம் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, லாரி தட்டியதிலிருந்து ஆரம்பித்து கேட்டில் கத்தியது வரைக்கும் ஒப்பித்தான். மேடம் முழுதும் கேட்டார். பிறகு எழுந்து, "போய் கம்பத்துக்கிட்ட நில்லுங்க" என்றார். தான் பெட்டிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு என்னையும் பார்க்கக் கூப்பிட்டார்.

தளவாய் தண்டனைக்குப் போகிறவன் மாதிரி போனான். கம்பத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றான். எண் அசையவில்லை.

"இன்னும் கிட்ட."

தொடை குழாயில் உரசும்படி நின்றான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறேன். நாற்பத்தோராயிரத்துச் சொச்சம், அதே நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். அது பாட்டுக்கு இருந்தது.

"அண்ணா, வாங்க" என்று சிரித்தார் மேடம். "ஆஸ்பத்திரியில வைக்கிற கம்பி காந்தத்துல ஒட்டாத உலோகம். கேட்ல இருக்கிற மெஷின் எந்த உலோகத்தைப் பாத்தாலும் கத்தும். இதுக்குக் காந்தம் மட்டும்தான் தெரியும். உங்க கம்பியை இது கண்டுக்கவே இல்ல."

தளவாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். "என்னையத் தெரியலைன்னா சொல்லுது?" என்று இரண்டு முறை கேட்டான். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியவில்லை. எனக்கும் கண் கலங்கிப் போனது, அதை மறைக்க ஏரிப் பக்கம் போய்விட்டேன்.

சந்தோஷமெல்லாம் சரி, குத்துவது யார்? வேலைக்கு வந்த ஆபத்து அப்படியேதான் நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை வேல்விழி மேடம் காலையிலேயே வந்து பெட்டிப் பக்கம் உட்கார்ந்துவிட்டார். ரகுபதி சாரும் வந்தார். வண்டியை வழக்கம்போல் தள்ளி நிறுத்திவிட்டு, பெல்ட் இல்லாமல் நானும் பந்தலில் நின்றேன். வெயில் ஏறியது, கோடும் ஏறியது. தளவாய் போய் நாலு கயிற்றையும் இழுத்துக் கட்டினான். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் செல்வலட்சுமி வந்தாள். ஒல்லியாக, உயரமாக, நெற்றி நிறையத் திருநீறும் கையில் பிளாஸ்டிக் டப்பாவுமாக. பெரிய அதிகாரிகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் தயங்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, எங்களைப் பாராமல் நேரே கம்பத்துக்குப் போனாள். இலையில் மடித்திருந்த திருநீற்றை எடுத்துக் குழாயில் மூன்று விரலால் பூசினாள். புடவைக்குள் இருந்து தாலிக்கயிற்றை வெளியே எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, நெற்றி அந்த உருளையில் படுகிற மாதிரி குனிந்து கும்பிட்டாள். அன்றைக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது. எங்களைப் பார்த்த பயம்தான்.

"ஏறுது சார்! ஏறுது!" என்று கத்தினார் வேல்விழி மேடம்.

எண் எகிறி நின்றது. அவள் நிமிர்ந்து நாலடி பின்னால் வந்ததும் இறங்கிவிட்டது.

மேடம் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தார். "என்ன வெச்சிருக்கீங்க?"

"இரும்பு ஒண்ணும் இல்லக்கா. கொலுசு, போனு எல்லாம் மரத்தடியில கெடக்கு. தலையிலகூட கிளிப்பு போடல" என்று கொண்டையைத் திருப்பிக் காட்டினாள்.

"தாலி?"

"அது தங்கம்லா. மிச்சம் மஞ்சக் கயிறு."

மேடம் அந்தக் கயிற்றை வெளியே இழுத்தார். தாலிக்குப் பக்கத்தில் கொத்தாகத் தொங்கியது ஊக்கு. ரவிக்கைக் கொக்கி போனால் குத்திக்கொள்ள ஒன்று, செருப்பு வார் அறுந்தால் ஒன்று, கம்பெனி பஸ்ஸில் முந்தானை கிழிந்தால் ஒன்று, முள் எடுக்க ஒன்று, அவசரத்துக்கு யாராவது கேட்டால் கொடுக்க இரண்டு. எந்த வீட்டில் இல்லை? என் வீட்டுக்காரி கழுத்திலும் அப்படித்தான் தொங்கும். ஆனால் தளவாயோ நானோ, இரும்பு என்று யோசிக்கும்போது அந்த இடத்துக்கு நினைப்பே போகவில்லை. தாலியைப் போய் யார் சோதிப்பார்கள்? வேல்விழி மேடத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவர் கழுத்தில் ஊக்கு தொங்க வழியில்லை.

செல்வலட்சுமிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் முகம் வெளுத்துப்போனது. எந்த வேலை போய்விடக் கூடாது என்று கும்பிட்டாளோ, அதற்கு அந்தக் கும்பிடே உலை வைத்திருக்கிறது.

ரகுபதி சார் எழுந்து வந்தார். "தளவாய், யாரும் உள்ள வரலன்னு சொன்ன."

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "இவியளுக்கு ஒண்ணும் தெரியாது சார். இவிய அந்தாலே போனப்புறம் நானாத்தான் போய் கும்பிட்டேன். என் தப்புதான்."

"இல்ல சார்" என்றான் தளவாய். "எனக்குத் தெரியும். மாசி பொறந்ததுலேருந்து ஒவ்வொரு செவ்வாயும் கும்பிடுதா, நான் பக்கத்துலதான் நின்னேன். கிட்ட வரக்கூடாதுன்னு ஊர்ல எல்லாத்தையும் நிறுத்துனேன், இவள நிறுத்தல. வெளியாளு இல்லைன்னுதான் சொன்னேன், ஆளே இல்லைன்னு சொல்லல. அப்படிச் சொன்னதும் தப்புதான்."

"ஏன் நிறுத்தல?"

"எனக்காகக் கும்பிடுதா சார். தள்ளி நின்னு கும்பிடுன்னு எப்படிச் சொல்ல?"

அட மடையா, அவள் உன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாளே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன். ரகுபதி சார் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவளிடம் திரும்பி, "என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த வேலை இவியளுக்கு நெலைக்கணும்னு சார்."

அந்த மனுஷன் சிரித்தார். முதலில் மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அப்புறம் அடக்க முடியாமல் பந்தல் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வேல்விழி மேடமும் சேர்ந்துகொண்டார். எங்களுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோயிலுக்குப் போய் எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளும்மா. இங்க மட்டும் வேண்டாம்" என்றார். தளவாயிடம், "நீ பொய் சொல்லியிருந்தா இன்னிக்கே அனுப்பியிருப்பேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, விமானம் ஓட்டுகிறவர்களுக்குப் போன் பண்ண வேண்டும் என்று என் வண்டியை நோக்கி நடந்தார்.

செல்வலட்சுமி ஊக்கை ஒவ்வொன்றாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "மரத்தடியில வெச்சிருங்க அண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கோடு எந்தச் செவ்வாயும் குத்தவில்லை. சித்திரையில் பறப்பது முடிந்து, கம்பத்தைப் பிடுங்கினார்கள். கடைசியில் வரைபடத்தை வேல்விழி மேடம் எனக்குக் காட்டினார். சிவப்பும் நீலமுமாக எங்கள் ஊர். கார் கம்பெனிகள் எல்லாம் கொப்புளம் கொப்புளமாகத் தெரிந்தன. அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், வல்லக்கோட்டைக்குக் கீழே பாறை வளைந்து போவது தெரிந்தது. தளவாய் அந்தப் படத்தில் தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தேடினான். அங்கே ஒன்றுமே இல்லை, சாதாரணப் பச்சை. அவனுக்கு அதில் பரம திருப்தி.

ரகுபதி சார் வாக்கு தவறவில்லை. மழைக்காலம் முடிகிற சமயம் கடிதாசு வந்தது. வேலை நிரந்தரம். அடுத்த கேம்ப் ராஜஸ்தான் பாலைவனத்தில், அதற்கு அடுத்தது ஜார்க்கண்டில். வருஷத்தில் எட்டு மாதம் வெளியூர்தான். செல்வலட்சுமிக்கு இங்கே லைனில் வேலை, விட்டுவிட்டுப் போக முடியாது. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். போ என்று சொன்னது அவள்தான்.

சென்ட்ரலுக்கு இரண்டு பேரையும் நான்தான் கொண்டுபோனேன். ரயில் கிளம்பும் வரைக்கும் தளவாய் ஜன்னல் வழியாகப் பேசிக்கொண்டே இருந்தான். பாலைவனத்தில் இரும்பே கிடையாதாம், ஒட்டகத்துக்கு லாடம் அடிப்பார்களா என்று மட்டும் விசாரிக்க வேண்டுமாம். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். ரயில் போனதும் சிரிப்பும் போய்விட்டது.

திரும்பும் வழியில் பூந்தமல்லி தாண்டி, இருங்காட்டுக்கோட்டை கிட்டே வரும்போது, ஷிப்ட் விட்டு நின்ற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, வேலை நெலைக்கணும்னு மட்டும்தான் கேட்டேன். எந்த ஊர்லன்னு சொல்லாம விட்டுட்டேன் பாத்தியளா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்குத் தெரிந்த ஆறுதல் ஒன்றே ஒன்றுதான். "செவ்வாக்கெழம வண்டி எடுத்துகினு வர்றேம்மா. முருகன்கிட்ட போய் அதையும் சொல்லிட்டு வந்துரலாம்" என்றேன்.